ஆற்றுத் தண்ணீர் ஊற்றிய கிணறு

மகன்,

நீ லிங்கநகர் வீட்டுக் கதவைத் திறக்கும்போது நான் அங்கே இருக்கமாட்டேன். ஈச்சிலம்பற்றில் உன் அக்கா வீட்டுக் குசினி மேசையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். பக்கத்து அறையில் உன் மருமகள், அக்காவின் பச்சைக்குழந்தை, நித்திரை. வைத்தியர் சொன்ன திகதிக்கு முந்தியே அவசரப்பட்டு வந்துவிட்டாள், உன்னைப் போல. பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள், முப்பத்தொண்டு கழித்துத் துடக்குப் போக்கும்வரை நான் இங்கிருந்து அசைய ஏலாது. எழுதி முடித்ததும் அக்கா தாள்களைப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புவாள். அனுப்பமுன் தானும் வாசிப்பாள். வாசிக்கட்டும், இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்பாய். போனில் நான் எதைத் தொடங்கினாலும் நீ "சரி அம்மா, சரி அம்மா" என்று முடித்துவிடுவாய். தாளுக்கு நீ சரி சொல்லி வாயடைக்க ஏலாது.

நீ கட்டாரில் இருந்து வந்து, கொழும்பில் ரயிலேறி, விடியப்புறம் திருகோணமலையில் இறங்கும்போது உன்னைக் கூட்டிப்போக அப்பா நிற்பார். வீட்டில் நீங்கள் இரண்டு பேர் மட்டும். உலகத்தில் எந்தத் தாய்க்கும் புருஷனும் மகனும் ஒரு வீட்டில் தனியே இருக்கப்போகிறார்கள் என்று பயம் வருமோ தெரியாது. எனக்கு வருகிறது. நீங்கள் இருவரும் நேருக்கு நேர் கதைத்து எவ்வளவு காலம்! நீ கொழும்பில் இருந்து வீட்டுக்கு வந்துபோன நாட்களில், ஒரே மேசையில் இருந்துகொண்டே, "அம்மா, அப்பாட்டச் சொல்லுங்கோ, நான் வெளியில போறன்" என்று நீ சொன்னதும், "உன்ர மோனிட்டச் சொல்லு, வரேக்க பாண் வாங்கிக்கொண்டு வரட்டாம்" என்று அவர் சொன்னதும் எனக்கு மறக்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் சோற்றுக் கோப்பையோடு நான். அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மகன் ஒருவன் இருந்தான், பிறகு அவன் "உன்ர மோன்" ஆகிவிட்டான். பள்ளிக்கூடத்தில் நல்ல புள்ளி எடுத்த காலத்தில் அவன் "என்ர மோன்".

நீ கட்டாருக்குப் போன பிறகும் அந்த உத்தியோகம் எனக்கு நிற்கவில்லை. நீ போனில் "அப்பா மருந்து குடிக்கிறவரோ" என்று ஒப்புக்குக் கேட்பாய். நான் அவரிடம் போய், "மோன் உங்களைப் பற்றித்தான் முழுக்கக் கதைச்சவன்" என்பேன். அவர் "அவனுக்கென்ன, ராசா மாதிரி இருப்பான்" என்று முகத்தைத் திருப்புவார். நான் உன்னிடம், "அப்பா சுகம் கேட்டவர், வெயிலுக்குள்ள திரியவேண்டாமாம்" என்பேன். இதற்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. ஒரு வீட்டுக்குள் இரண்டு ஆம்பிளைகள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தால் நடுவில் இருக்கிறவள் கொஞ்சம் சீனி போட்டுத்தான் பரிமாற வேண்டும். ஆனால் இனி எனக்கு ஏலாது. அந்த வேலையை உன்னிடம் ஒப்படைக்கத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் சண்டை எங்கே தொடங்கியது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். அப்பா அப்போது துறைமுகத்து டக் படகில் எஞ்சின் பகுதி. பெரிய கப்பல்களைக் கயிறு போட்டு இழுத்துக் கரை சேர்க்கிற அந்தப் படகுதான் அவருக்கு முதல் வீடு, லிங்கநகர் இரண்டாவது. தலைமைக்காரரைப் பிடித்து உனக்கும் அதில் ஓர் இடம் கேட்டு வைத்திருந்தார். அன்றிரவு சாப்பாட்டில் அதைச் சொன்னபோது அவருடைய முகம் எப்படி இருந்தது என்று நீ பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டிருந்தாய். நான் பார்த்தேன். புதுச்சட்டை போட்ட பிள்ளையின் முகம்.

"அப்பா, அந்த எஞ்சின் அறைக்குள்ள நிண்டா எனக்குக் காது போயிடும்" என்றாய் நீ. "உங்களோட வேலை செய்யிற ஆக்களைப் பாருங்கோவன். ஒருத்தருக்கும் ஒருதரம் சொன்னாக் கேக்கிறேல்லை."

"எனக்குக் காது போச்சுதோ? சொல்லு பாப்பம். எனக்குப் போச்சுதோ?"

"இண்டைக்கு இல்லாட்டி நாளைக்குப் போகும்."

அவ்வளவுதான் கதை. அடிதடி இல்லை, கோப்பை உடையவில்லை. அடுத்த நாள் காலை அவர் இரண்டு சோற்றுப் பார்சலோடு இறங்குதுறை வாசலில் உனக்காக நின்றிருக்கிறார். நீ கொழும்பு பஸ்ஸில் கப்பல்துறை ஊரையும் தாண்டிவிட்டாய். பின்னேரம் அவர் இரண்டு பார்சலையும் திருப்பிக் கொண்டுவந்து குசினியில் வைத்தார். ஒன்றையும் அவிழ்க்கவில்லை. நீ போனது பிழை என்று நான் சொல்லவில்லை, உன் கால், உன் வழி. சொல்லிவிட்டுப் போகாததுதான் அவருக்குச் சுட்டது. எனக்கும் சுட்டது.

அதற்குப் பிறகு ஒரு தைப்பொங்கலன்று உன்னோடு கதைக்கச் சொல்லிப் போனை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைக் காதில் வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு சொல்லும் பேசாமல் என்னிடம் நீட்டினார். "அவருக்கு என்னோட கதைக்க விருப்பமில்லை எண்டா விடுங்கோ அம்மா, கட்டாயப்படுத்தாதேங்கோ" என்றாய். உன் குரல் உடைந்திருந்தது. நானும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன். மூன்று நாளாக அவருக்குத் தேத்தண்ணியை மேசையில் 'டொக்' என்று வைத்தேன். பாவி மனுஷன், அந்த 'டொக்'கும் அவருக்குக் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

தெரிந்தது குக்கரால். அவர் பென்ஷனில் வந்த பிறகு ஒரு நாள் நான் பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "பருப்பு வைச்சிருக்கு, விசில் வந்தா நிப்பாட்டுங்கோ" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் போனேன். விசில் கத்துகிறது, கத்துகிறது, எதிர்வீட்டு ரீச்சர் வேலியால் எட்டிப் பார்க்கிறா. ஓடிவந்தால் அவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே கதிரையைப் போட்டுக்கொண்டு பேப்பர் வாசிக்கிறார். பருப்புக் கருகத் தொடங்கிவிட்டது. நான் அடுப்பை நிற்பாட்டிவிட்டு அவருக்குப் பின்னால் நின்று மெல்லக் கூப்பிட்டேன். கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். கத்தினேன். அவர் பக்கத்தைத் திருப்பினார், பேப்பரின் பக்கத்தை. நான் அப்படியே குசினி நிலத்தில் இருந்துவிட்டேன். மணம் பிடித்த பிறகுதான் அவர் நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், விளங்கிக்கொண்டார்.

"எப்ப தொடக்கம்?" என்று கேட்டேன். அவர் என் வாயைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"கனகாலம். வலப்பக்கம் கொஞ்சம் இருக்கு. இடப்பக்கம் சுத்தமாப் போச்சு."

"டொக்டரிட்டப் போவம். காதுக்கு மெஷின் இருக்குத்தானே."

"மெஷின் போட்டா ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிஞ்சா அவனுக்குத் தெரியும்." பேப்பரை மடித்துவிட்டு, "அவனுக்குச் சொல்லிப்போடாத. என்ன? சொல்லிப்போடாத" என்றார்.

இப்போது உனக்கு விளங்கியிருக்கும். அவர் உன்னோடு கோபத்தில் கதைக்காமல் இருக்கவில்லை மகன். கோபம் எப்போதோ போய்விட்டது. நீ அன்று சொன்னது நடந்துவிட்டது, அதை உன்னிடம் ஒப்புக்கொள்ள அவருக்கு வெட்கம். அவ்வளவுதான். இந்த அவ்வளவுக்காகத்தான் நீ அங்கே பாலைவனத்திலும் அவர் இங்கே கடற்கரையிலும் இத்தனை வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தீர்கள்.

அவருடைய படப் பைத்தியத்தைப் பற்றி நீ அக்காவிடம் பகிடி பண்ணியதாகக் கேள்வி. தமிழ்ப் படம் என்றால் முந்தி விழுந்து விழுந்து பார்த்த மனுஷன் இப்போது குதிரைக்காரன் படம் மட்டும்தான் பார்க்கிறாராம், தொப்பியும் துவக்குமாகத் திரிகிற வெள்ளைக்காரர்களோடுதான் குடித்தனமாம். உண்மைதான். ஏனென்று கேள். தமிழ்ப் படத்தில் கீழே எழுத்து வராது. எங்கள் டிவியில் பின்னேரங்களில் இங்கிலிஷ் படம் போடும்போது கீழே சிங்களத்தில் எழுதுவார்கள். அவர் துறைமுகத்தில் சிங்களப் பெடியளோடு வேலை செய்தவர், எழுத்துக்கூட்டாமல் வாசிப்பார். அதிலும் குதிரைப் படத்தில் ஆட்கள் குறையக் கதைப்பார்கள். ஒரு வரி வரும், பிறகு நெடுநேரம் தூசியும் வானமும் குதிரைக் குளம்பும். வாசித்து முடிக்க அவகாசம் இருக்கும். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது என்பதால் அவர் ஒவ்வொரு வரியையும் தமிழில் எனக்குச் சொல்லுவார். தன் சத்தம் தனக்குக் கேளாததால் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் கேட்கச் சொல்லுவார். அமெரிக்காக்காரன் இங்கிலிஷில் கதைக்கிறான், சிங்களத்தில் எழுத்து ஓடுகிறது, உன் அப்பா தமிழில் கத்துகிறார். ஒரு படம் முடிந்து அடுத்த நாள் எதிர்வீட்டு ரீச்சர் என்னைச் சந்தியில் கண்டு, "படத்தில அந்தக் கிழவன்ர மோன் கடைசியில திரும்பி வந்தவனோ? உங்கட அவரின்ர சத்தம் இடையில நிண்டுட்டுது" என்று கேட்கிறா.

ரீச்சர் கேட்ட அந்தப் படத்தைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும். படத்தின் பெயர் எனக்குத் தெரியாது, அது வரும்போது நான் விளக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தேன். கச்சான் காற்று அடிக்கிற காலம். நீ மறந்திருக்கமாட்டாய், மத்தியானம் சாப்பிட்டு எழும்பினால் காற்று அனலாக வந்து கண்ணை அமத்தும். கதவுச்சீலை உப்பி உப்பி விழும். துறைமுகப் பக்கம் கடல் அசையாமல் வெள்ளையாகக் கிடக்கும், அதில் நிற்கிற கப்பல் தண்ணீரில் நிற்கிறதா வானத்தில் நிற்கிறதா என்று தெரியாது. எங்கள் கிணற்றிலும் தண்ணீர் கீழே போய்விட்டது. நான் பாயில் சரிந்தபடி, பாதி நித்திரையிலும் பாதி படத்திலுமாக இருந்தேன்.

படத்தில் ஒரு கிழவன். காய்ந்த நிலம், ஒரு மர வீடு, ஒரு கிணறு. குன்றின் மேல் ஒரு சிலுவை. அது அவன் மனுஷியின் புதைகுழி என்று அப்பா சொன்னார். கிணற்றைக் கிழவன் தன் கையால் வெட்டியிருக்கிறான். மகன்காரன் சொல்லுகிறான், இந்தக் கிணறு ஒரு நாள் வற்றிப்போகும், வாருங்கள் ஆற்றுப் பக்கம் போய்க் குடியிருப்போம் என்று. "'என்ர கிணறு வத்தாது. வத்தினா என்னை அதுக்குள்ள போட்டு மூடு' எண்டுறான் கிழவன்" என்று அப்பா ஒழுங்கைக்கு அறிவித்தார். மகன் குதிரையில் ஏறிப் போய்விட்டான். கிழவன் வாசலில் நின்று பார்க்கிறான். கிழவனின் முதுகைத்தான் காட்டினார்கள், முகத்தைக் காட்டவில்லை.

இடையில் நான் கண்ணயர்ந்துவிட்டேன். கனவில் அந்தக் கிழவன் தொப்பியும் பூட்ஸுமாக எங்கள் ஒழுங்கையால் வாறான். அவன் கையில் கயிறு, கயிற்றில் கோவேறு கழுதை, கழுதையின் முதுகில் இரண்டு பீப்பா. அவனுக்குப் பின்னால் எங்கள் கோட்டைக்குள் திரிகிற மான்கள் வரிசையாக வருகின்றன, தாங்களும் குதிரைகள்தான் என்ற எண்ணத்தில். ரீச்சர் வேலியடியில் நின்று கும்பிடுகிறா. அவன் நேரே இறங்குதுறைக்குப் போய்த் துறைமுகத்துக் கடலில் பீப்பாவைத் தாழ்த்துகிறான். டக் படகு ஒன்று சத்தமே இல்லாமல் போகிறது. "ஐயா, அது உப்புத் தண்ணி" என்று நான் சொல்லுகிறேன். அவன் திரும்பி, உன் அப்பாவின் குரலில், "பறவாயில்லை, ஆருக்குத் தெரியப்போகுது" என்கிறான். எனக்கு அவனில் சொல்லமுடியாத இரக்கம் வந்து, அழுதுகொண்டே முழித்தேன்.

முழித்துப் பார்த்தால் படத்திலும் அதுதான் நடக்கிறது. கிணறு வற்றிவிட்டது. கிழவன் ஒவ்வொரு விடியலிலும் பனிப்புகாருக்குள் கழுதையோடு ஆற்றுக்குப் போய்ப் பீப்பாவில் தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்து, தன் கிணற்றுக்குள் ஊற்றுகிறான். பிறகு பகலில், வழிப்போக்கர் பார்க்க, அதே கிணற்றில் வாளியை இறக்கி அதே தண்ணீரை அள்ளிக் கொடுக்கிறான். "என்னவாம்?" என்று அப்பாவின் தோளைத் தட்டிக் கேட்டேன். "ஒண்டும் எழுதேல்லை. ஆக்கள் கதைக்கேல்லை" என்றார். அவருடைய கண் டிவியை விட்டு நகரவில்லை.

மகன்காரன் திரும்பி வருகிறான். தாடி வளர்ந்து, ஆள் தடித்து வந்து குதிரையால் இறங்கினதும் கிழவன் கிணற்றில் இருந்து ஒரு குவளை தண்ணீர் அள்ளிக் கொடுக்கிறான். அவன் ஒரு வாய் குடிக்கிறான். நிறுத்துகிறான். அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் அல்லவா, அதன் கரிப்பு அவனுக்குத் தெரியும். இது ஆற்றுத் தண்ணீர். தகப்பனைப் பார்க்கிறான். தகப்பன் வேறு எங்கோ பார்க்கிறான். அப்போது கீழே ஒரு வரி எழுத்து வந்தது. அப்பா அதை வாசித்தார், இந்த முறை ஒழுங்கைக்குக் கேட்காத குரலில்: "'நல்ல தண்ணி' எண்டுறான்."

அடுத்த விடியல் கிழவன் ஆற்றுக்குப் போனால், அங்கே மகன் முழங்கால் தண்ணீரில் நின்று வாளியால் பீப்பாவை நிரப்பிக்கொண்டிருக்கிறான். மற்ற வாளியைக் கிழவன் எடுக்கிறான். அவ்வளவுதான், பெயர்கள் ஓடத் தொடங்கிவிட்டன.

டிவியில் சவர்க்கார விளம்பரம் வந்து போனது. அப்பா எழும்பவில்லை. காற்றில் கதவுச்சீலை வந்து அவருடைய முகத்தில் விழுந்தது, அதையும் தள்ளவில்லை. பிறகு என்னிடம் கேட்டார்:

"அந்தப் பெடியனுக்கு ஆர் சொன்னது?"

நான் அவருடைய வலக்காதடியில் குனிந்து, "ஒருத்தரும் சொல்லேல்லை. குடிச்சுப் பாத்துக் கண்டுபிடிச்சவன்" என்றேன்.

"அப்ப, வந்தாத்தான் தெரியும்."

"ஓம். வந்தாத்தான்."

முகத்தில் கிடந்த கதவுச்சீலையைத் தள்ளினார். பிறகு, "உன்ர மோனுக்கு லீவு எப்பவாம்?" என்று கேட்டார். மகன், எத்தனையோ வருஷமாக அந்தக் கேள்வி அவருடைய வாயில் இருந்து வந்ததாக நான் உனக்குச் சொல்லி வந்தேன். அன்றைக்குத்தான் அது உண்மையாக வந்தது. எழும்பிக் குசினிக்குள் போய் நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். அதன் பிறகுதான் உனக்குப் போன் எடுத்து, "அப்பா வரச் சொல்லுறார்" என்று சொன்னேன். நீ நம்பவில்லை. "நீங்கள் சும்மா சொல்லுறீங்கள் அம்மா" என்றாய். சீனி போட்டுப் பழகினவளுக்கு அது வேண்டியதுதான்.

படம் நல்ல படம். ஆனால் எனக்கு அதில் ஒரு குறை. படம் எடுத்தவனுக்குத் தகப்பன்மாரைத் தெரிந்திருக்கிறது, தாய்மாரைத் தெரியவில்லை. அந்தப் பெண்ணைக் குன்றின் மேல் சிலுவையாக்கி வைத்துவிட்டு, தண்ணீரின் உருசியில் இருந்து மகன் எல்லாவற்றையும் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டான். அவன் கண்டுபிடிக்காமல் குடித்துவிட்டுப் போயிருந்தால்? தண்ணீர் என்ன இப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தால்? எங்கள் வீட்டில் நான் சிலுவையாகவில்லை, உயிரோடுதான் இருக்கிறேன். அதனால்தான் சொல்லாதே என்றதைச் சொல்லுகிறேன்.

ஆனாலும் இதை எழுதும் துணிவு போன கிழமைதான் வந்தது. அப்பா பேத்தியைப் பார்க்க வந்திருந்தார். பஸ்ஸில் வந்து, வேர்த்து விறுவிறுத்து, கையில் ஒரு சின்னத் தொப்பியோடு முன்னறையில் இருந்தார். உள்ளே பிள்ளை பசிக்குத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறாள். அக்கா அவசரமாக அவளைத் தூக்குகிறாள். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்து, "நல்ல பிள்ளை என்ன? ஒரு சத்தமும் இல்லை" என்றார். அக்கா கதவடியில் அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்கு அன்றுதான் தெரியும். பிள்ளையைக் கொண்டுவந்து அவர் மடியில் கிடத்தினோம். அவர் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், ஏதும் சொல்லுமென்று.

திரும்பிப் போகும்போது றோட்டடிவரை அவரோடு நடந்தேன். வயல் அறுத்து வெறுமையாகக் கிடந்தது. பஸ் வரும் பக்கத்தைப் பார்த்தபடி, "நீயும் இல்லாமல், அவன் வந்து..." என்று தொடங்கினார்.

"படத்தில எண்டா கீழ எழுதுவாங்கள். இவன் கதைக்கேக்க நான் எங்க பாக்கிறது?"

அவர் கேட்டது இவ்வளவுதான். கல்யாணம் கட்டிய நாளில் இருந்து அந்த மனுஷன் பயந்து நான் கண்டதில்லை, புயலுக்குள் கப்பல் இழுத்தவர். உன்னோடு தனியே இருக்கப் பயப்படுகிறார். நீ ஏதும் கேட்டு, அது விளங்காமல், பிழையாக ஒரு பதில் சொல்லி, நீ மறுபடியும் போய்விடுவாயோ என்று. பஸ் வந்துவிட்டது. அவரை ஏற்றிவிட்டேன். வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது, பாதி வழியில்தான் எனக்கு உன் கை ஞாபகம் வந்தது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எஞ்சின் அறைக்குள் ஆட்கள் வாயால் கதைப்பதில்லை. அந்த இரைச்சலுக்குள் எல்லாம் கைதான். உள்ளங்கையைக் கீழே அமத்தினால் மெதுவாக. விரலைச் சுழற்றினால் வேகம் கூட்டு. இரண்டு மணிக்கட்டையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே வைத்தால் கயிறு கட்டியாச்சு, இனிப் பயமில்லை. அவர் அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தார். உனக்குச் சொல் வருவதற்கு முன் கை வந்துவிட்டது. சோறு போதுமென்றால் நீ அந்தச் சின்ன மணிக்கட்டுகளைக் குறுக்கே வைப்பாய். அவர் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறும்வரை சிரிப்பார். "என்ர மோன் கயிறு கட்டிட்டான்" என்பார். அந்தக் காலத்தில் நீங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் கையால் கதைக்க, நான்தான் ஒன்றும் விளங்காமல் முழித்துக்கொண்டிருப்பேன். எனக்கு எரிச்சல்கூட வரும்.

ஆகவே நான் சொல்வது இதுதான். காது மெஷின் கதையை வந்த உடனே எடுக்காதே. அது பிறகு, ஆறுதலாக. "அன்றைக்கே சொன்னேனே" என்ற கதை மறந்தும் வாயில் வரக்கூடாது. இடப்பக்கம் நடக்காதே, அவருக்கு வலப்பக்கமாக வா. கதைக்கும்போது போனைப் பார்க்காமல் அவருடைய முகத்தைப் பார்த்துக் கதை, உன் உதடு அவருக்குத் தெரியட்டும். பின்னேரம் குதிரைப் படம் போட்டால் பக்கத்துக் கதிரையில் இரு. அவர் கத்திச் சொல்வார், உனக்கு இங்கிலிஷ் விளங்கினாலும் அவர் சொல்லக் கேள். ரீச்சருக்கும் சந்தோஷமாக இருக்கும்.

ரயில் சீனக்குடா தாண்டும்போது வலப்பக்கம் குடாக்கடல் தெரியத் தொடங்கும். அப்போதே பையை எடுத்துக்கொண்டு கதவடிக்கு வந்து நில். அப்பா மேடையில், எல்லாருக்கும் கடைசியாக, தூணோடு ஒட்டி நிற்பார். உன்னைக் கண்டதும் முகத்தை வேறு பக்கம் திருப்புவார், அதைக் கணக்கெடுக்காதே. இறங்கு. பையைக் கீழே வை. "அப்பா" என்று கூப்பிடாதே, அந்த ரயில் சத்தத்துக்குள் அவருக்குக் கேட்காது, கேட்காதது உனக்குத் தெரிந்துவிட்டதென்று அவர் கூசிப்போவார். அவர் திரும்பிப் பார்க்கும்வரை நின்று, இரண்டு மணிக்கட்டையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே வை.

அதற்குப் பிறகு என்ன கதைப்பதென்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். முப்பத்தொண்டுக்கு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வாருங்கள். பிள்ளை எழும்பிவிட்டாள், கத்துகிறாள். நான் போக வேண்டும்.

அம்மா